எங்கே திரும்புவது? இசைத்தாளில் வழி பிடிக்கப் பழகுதல்

"சேர், இதில முடிஞ்சுது. பிறகு எங்க போறது?"

மெலோடிக்காவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான். ஸ்வரத்தையும் தாளத்தையும் ஓரளவு படிக்கப் பழகிய பிள்ளைதான் இந்தக் கேள்விக்கு வந்து சேரும். வன்னியில் எங்கள் பிள்ளைகளில் அநேகர் காதால் கேட்டே வாசிக்கிறவர்கள். பக்கத்தில் இருக்கிறவர் திரும்பினால் தாங்களும் திரும்புவார்கள், அவர் பிழைத்தால் வரிசையே பிழைக்கும். இசைத்தாளில் எங்கே திரும்புவது, எதைத் தாண்டுவது, எங்கே நிற்பது என்று தானே பார்த்துப் பிடிக்கிற பிள்ளை தனியாக நின்று வாசிக்கும். கோயில் கீபோர்ட்டிலோ பள்ளிக்கூட பாண்டிலோ புதிதாகச் சேர்ந்து, ஸ்டாஃப் நோட்டேஷன் தாளை, அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேலைத்தேய இசைத்தாளை, முதன்முதலாகக் கையில் எடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு ஏற்கனவே தெரிந்தது

திரும்பப் பாடுவது நமக்குப் புதிதல்ல. கோயில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் வரி முடிவில் (2) என்று போட்டிருக்கும். அந்த வரியை இரண்டு தரம் பாடு என்று அர்த்தம். அதுவும் ஒரு ரிப்பீட் குறிதான். கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் ஸ்வரக் கொப்பியில் சரணத்தின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் (பல்லவி) என்று எழுதுவார்கள். பல்லவியை மறுபடி முழுவதும் எழுதினால் கொப்பி வீண். அந்த ஒரு சொல்லே "மேலே போய்ப் பல்லவியைப் பாடி முடி" என்ற கட்டளை. மேலைத்தேய இசைத்தாளில் இதே கட்டளையை இத்தாலியச் சொற்களாலும் சில படங்களாலும் எழுதுகிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

கூத்துக்கும் இந்தப் பழக்கம் உண்டு. முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூத்தர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திரும்பப் பாடுவார்கள். எத்தனை தரம் என்பது கூத்தை நடத்துகிற அண்ணாவியாரின் கையில். அவரைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். இசைத்தாளை வைத்து வாசிக்கும்போது அந்த அண்ணாவியாரின் வேலையைத் தாள் செய்கிறது.

முதலில் வடிவத்தைப் பிடியுங்கள்

குறிகளைப் படிக்க முன்னர், பாட்டு எத்தனை துண்டுகளால் ஆனது, எந்தத் துண்டு திரும்ப வருகிறது என்று கேட்டுப் பழகுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எழுத்தை வைப்பது வழக்கம். ஆங்கிலப் புத்தகங்களில் ஏ, பி, சி என்று இருக்கும். நான் வகுப்பில் அ, ஆ, இ என்று எழுதுவேன். அதே இசை திரும்ப வந்தால் அதே எழுத்து, புது இசை வந்தால் அடுத்த எழுத்து.

எல்லாவற்றிலும் எளியது ஒரே இசையில் பல சரணம் பாடுவது: அ, அ, அ, அ. சொற்கள் மாறும், இசை மாறாது. தேவாலயங்களில் பாடுகிற ஆங்கில வழிப்பாட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான். அடுத்தது இரண்டு துண்டு வடிவம்: அ, ஆ. பரோக் காலத்து நடன இசைகளில் இது நிறைய உண்டு, ஒவ்வொரு துண்டையும் இரண்டு தரம் வாசிப்பார்கள். பியானோ பழகுகிற எல்லாருக்கும் ஆரம்பத்திலேயே கிடைக்கும் ஜி மேஜர் மினுவெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அன்னா மக்டலேனா பாக்கின் 1725ஆம் ஆண்டுக் கொப்பியில் உள்ளது. நெடுங்காலம் அவருடைய கணவர் யோகான் செபஸ்தியான் பாக்கின் பெயரில் வழங்கி வந்தாலும் அதை எழுதியவர் கிறிஸ்டியான் பெட்ஸோல்ட். தாளில் 16 பார் (நம் ஆவர்த்தனம் போல, கோடுகளால் பிரித்த தாள அளவு), இன்னுமொரு 16 பார், மொத்தம் 32. இரண்டு துண்டுக்கும் ரிப்பீட் இருப்பதால் காதில் விழுவது 64 பார்.

மூன்று துண்டு வடிவம் அ, ஆ, அ. போய்விட்டு வீட்டுக்குத் திரும்புவது போல. இதை இன்னும் நீட்டி அ, ஆ, அ, இ, அ என்று போனால் அது ரொண்டோ. பாண் விற்கிற ஓட்டோவில் வரும் அந்த மெட்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். அது பீத்தோவன் 1810இல் எழுதிய பியானோ இசை, "எலிஸுக்காக" என்பது அதன் பெயர். அவர் 1827இல் இறந்து நாற்பது வருடம் கழித்து, 1867இல்தான் அச்சில் வந்தது. ஓட்டோவில் நாம் கேட்பது அதன் முதல் துண்டை மட்டும். முழுவதையும் ஒருமுறை தேடிக் கேளுங்கள். இடையில் வேறு இரண்டு துண்டுகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் பிறகு நமக்குத் தெரிந்த அந்த மெட்டே திரும்ப வருகிறது.

வர்ணம் படித்தவர்களுக்கு ரொண்டோவை விளக்கவே தேவையில்லை. வர்ணத்தின் பிற்பகுதியில் சரணத்தைப் பாடி, முதல் சிட்டஸ்வரம் பாடி, மறுபடி சரணம், இரண்டாம் சிட்டஸ்வரம், மறுபடி சரணம் என்றுதானே போகிறோம்? எழுத்துப் போட்டுப் பாருங்கள், அ, ஆ, அ, இ, அ என்றே வரும். இதை முதன்முதல் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நாளில் ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப இது எங்கட வர்ணம் தானே சேர்" என்றாள். நான் வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரே மெட்டை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றி வாசிக்கிற வடிவமும் உண்டு. கிருதியில் ஒரு வரிக்குச் சங்கதி சங்கதியாகப் போட்டு வளர்ப்பதை நினைத்தால் அதன் சுவை பிடிபடும்.

புள்ளியும் கோடும்

இனிக் குறிகள். இசைத்தாளில் ஒற்றைக் கோடு ஒரு பாரை அடுத்த பாரிலிருந்து பிரிக்கிறது. மெல்லிய இரட்டைக் கோடு ஒரு பகுதி முடிந்ததைக் காட்டுகிறது. கர்நாடகம் படித்த பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அவர்களுடைய கொப்பியில் ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் முடிவிலும் இரட்டைக் கோடு வரும், இங்கே அப்படி இல்லை. முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஒரு மெல்லிய கோடும் ஒரு தடித்த கோடும் சேர்ந்து வந்தால் பாட்டு முடிகிறது. அந்தக் கோடுகளுக்கு முன்னால், நடுக் கோட்டுக்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு புள்ளிகள் இருந்தால் முடியவில்லை, திரும்பு என்று அர்த்தம். புள்ளிகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கத்தில் உள்ளதைத்தான் திரும்ப வாசிக்க வேண்டும். புள்ளிகள் இடப்பக்கம் இருந்தால் பின்னால் போங்கள். எவ்வளவு தூரம் என்றால், வலப்பக்கம் புள்ளிகள் உள்ள தடித்த கோடு வரும் வரைக்கும். அப்படியொரு கோடு இல்லையென்றால் பாட்டின் தொடக்கத்துக்கே போக வேண்டும். சில இடங்களில் புள்ளிகள் இரண்டு பக்கமும் இருக்கும். அங்கே இடப்பக்கத்துத் துண்டைத் திரும்ப வாசித்துவிட்டு, வலப்பக்கத்துத் துண்டைத் தொடங்கி அதையும் இரண்டு தரம் வாசிப்பீர்கள்.

இந்தப் புள்ளிகளை நான் சும்மா வற்புறுத்தவில்லை. ஒரு ஆவணித் திருவிழாவுக்கு நாங்கள் ஒரே தாளைப் போட்டோகொப்பி எடுத்து, அந்தக் கொப்பியிலிருந்து இன்னும் கொப்பி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். பிந்திய கொப்பிகளில் புள்ளிகள் அழிந்துவிட்டன. பாதிப் பிள்ளைகள் திரும்பினார்கள், பாதிப் பேர் முன்னால் போனார்கள். சனம் நிறைந்த கோயிலில் நான்கு பார் அளவுக்கு என்ன வாசிக்கிறோம் என்று எவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளில் பிழையில்லை, அவர்கள் தாளில் இருந்ததைத்தான் வாசித்தார்கள். அன்றிலிருந்து கொப்பி எடுத்த கையோடு மூலத் தாளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் பேனையால் நானே தடிப்பாக வைத்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

திரும்ப வாசிக்கும்போது முடிவு மட்டும் வேறாக இருக்க வேண்டும் என்றால், கடைசிப் பார்களின் மேல் கூரை மாதிரி ஒரு கோடு போட்டு உள்ளே 1 என்றும், அடுத்ததில் 2 என்றும் எழுதியிருக்கும். நாங்கள் வகுப்பில் இதைக் கூரை என்றே சொல்கிறோம். முதல் தரம் ஒன்றாம் கூரைக்குக் கீழே போங்கள். திரும்பி வரும்போது அதற்குள் நுழையாமல் நேரே இரண்டாம் கூரைக்குத் தாவுங்கள். ஒன்றாம் கூரையில் சில நேரம் பார் குறைவாக, ஒன்றிரண்டு தட்டு இல்லாமல் இருக்கும். பாட்டு அதீத எடுப்பில் தொடங்கியிருந்தால் அப்படி வரும். தாளத்துக்கு முன்னே எடுத்த ஸ்வரங்கள் கணக்கை நிரப்பிவிடும், ஆகவே நிறுத்தாமல் வாசியுங்கள்.

பாருக்குள் ஸ்வரமே இல்லாமல் ஒரு சாய்கோடும் இரு பக்கமும் இரண்டு புள்ளியும், சதவீதக் குறி போல, இருந்தால் முந்திய பாரை அப்படியே திரும்ப வாசியுங்கள். ட்ரம் தாளிலும் கிற்றார் தாளிலும் இதுதான் பக்கம் பக்கமாக வரும்.

ஏ9 வீதியில் ஒரு பயணம்

டா காப்போ, டால் சேன்யோ, கோடா. இந்த மூன்றும்தான் புதியவர்களை அதிகம் குழப்புகின்றன. சொற்களின் பொருளைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். காப்போ என்றால் தலை. டா காப்போ, தலையிலிருந்து. தாளில் டி.சி. என்று சுருக்கி எழுதியிருக்கும். சேன்யோ என்றால் அடையாளம். டால் சேன்யோ, அடையாளத்திலிருந்து, சுருக்கம் டி.எஸ். அந்த அடையாளம் சாய்ந்த எஸ் எழுத்து ஒன்றைக் கோடு குறுக்கே வெட்டி, இரு பக்கமும் புள்ளி வைத்த வடிவம். ஃபீனே என்றால் முடிவு. கோடா என்றால் வால், அதன் குறி வட்டத்துக்கு மேல் போட்ட சிலுவை. இடையில் வரும் அல் என்ற சொல்லுக்கு 'அதுவரை', 'அதற்கு' என்று பொருள்.

இப்போது வவுனியாவில் பஸ் ஏறி ஏ9 வீதியால் வடக்கே போகிறோம் என்று வையுங்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி. இதுதான் நம் பாட்டு.

புளியங்குளத்தில் சேன்யோ அடையாளம் இருக்கிறது. கவனித்துக்கொள்ளுங்கள், ஆனால் நிற்க வேண்டாம். மாங்குளம் சந்தியில் "கோடாவுக்கு" என்று எழுதி வட்டச் சிலுவை போட்டிருக்கிறது. முதல் தரம் போகும்போது அதையும் பொருட்படுத்த வேண்டாம், நேரே போங்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கியாயிற்று. அங்கே டி.எஸ். அல் கோடா என்று போட்டிருக்கிறது. உடனே புளியங்குளத்துக்குத் தாவுங்கள். தாவுகிற தூரம் காதில் விழாது, ஒரு தட்டும் பிந்தாமல் புளியங்குளத்திலிருந்து மறுபடி வடக்கே வாசிக்க வேண்டும். இந்த முறை மாங்குளம் சந்தி வந்ததும் நேரே போகாமல் வலப்பக்கம் ஒட்டுசுட்டான் வீதியால் திரும்புங்கள். அது முல்லைத்தீவுக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விடும். அந்த வீதிதான் கோடா.

முறிகண்டியில் டி.எஸ். என்பதற்குப் பதிலாக டி.சி. அல் ஃபீனே என்றிருந்து, ஓமந்தையில் ஃபீனே என்று எழுதியிருந்தால்? வவுனியாவுக்கே திரும்பிப்போய், ஓமந்தையில் பயணத்தை முடிக்க வேண்டும். முதல் தரம் ஓமந்தையைத் தாண்டும்போது அந்த ஃபீனே நம்மை நிறுத்தவில்லை. திரும்பி வந்த பிறகுதான் அதற்கு அதிகாரம் வருகிறது. கோடாவுக்கும் அதே சட்டம்.

இன்னுமொரு வழக்கம் இருக்கிறது, தாளில் பெரும்பாலும் எழுதியிருக்காது. டி.சி. அல்லது டி.எஸ். எடுத்துத் திரும்பிய பிறகு, புள்ளி வைத்த ரிப்பீட்டுகளை மறுபடி எடுப்பதில்லை. ஒன்றாம் கூரையை விட்டு நேரே இரண்டாம் கூரைக்குப் போவோம். மினுவெட்டும், அதன் நடுவே வரும் ட்ரியோ என்ற துண்டும் சேர்ந்த இசைகளில் மினுவெட்டுக்குத் திரும்பும்போது செய்வதும் இதைத்தான். ரிப்பீட்டுடன் வேண்டும் என்றால் அதைத் தாளில் தனியாகச் சொல்லியிருப்பார்கள்.

பென்சிலால் நடந்து பாருங்கள்

வாத்தியத்தைத் தொட முன்னர் செய்ய வேண்டிய வேலை இது. பார்களுக்கு இலக்கம் போடுங்கள். பிறகு இந்தத் தாளை விரலால் நடந்து பாருங்கள்: மொத்தம் 17 பார். 8ஆம் பாருக்கு மேல் ஒன்றாம் கூரை, அதன் முடிவில் ரிப்பீட். 9ஆம் பார் இரண்டாம் கூரை, அங்கே ஃபீனே என்று எழுதியிருக்கிறது. 10 முதல் 17 வரை புதுத் துண்டு, அதன் கீழே டி.சி. அல் ஃபீனே.

நடையைச் சொல்கிறேன், முதலில் நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு வாசியுங்கள். 1 முதல் 8 வரை. திரும்பி 1 முதல் 7, தாவி 9. பிறகு 10 முதல் 17. தலைக்குப் போய் 1 முதல் 7, தாவி 9, முடிவு. எட்டு எட்டாக நான்கு துண்டு, மொத்தம் 32 பார். எழுத்துப் போட்டால் அ, அ, ஆ, அ. அமெரிக்க ஜாஸ் பாட்டுகளில் மிகவும் புழங்கிய 32 பார் வடிவம் இதுவேதான். குறிகளைச் சரியாக நடந்தால் வடிவம் தானாகத் தெரியவரும். இதைக் கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நமக்கு அன்றாடம் வருகிற வகை, பல்லவியும் மூன்று சரணமும் உள்ள கோயில் பாட்டு. முன்னிசை 4 பார். 5ஆம் பாரில் சேன்யோ வைத்துப் பல்லவி தொடங்கும், 12இல் முடியும், அங்கே "கோடாவுக்கு". 13 முதல் 20 சரணம், முடிவில் டி.எஸ். அல் கோடா. கடைசியில் கோடா 2 பார். தாளில் இருப்பது 22 பார்தான். வாசித்து முடிக்கும்போது 62 பார் ஆகியிருக்கும். எண்ணிப் பாருங்கள். சரணம் மூன்று இருப்பதால் டி.எஸ். மூன்று தரம் எடுக்க வேண்டும், கோடாவுக்குப் போவது மூன்றாவது தரம் மட்டுமே. அச்சுத் தாளில் இது எப்போதும் தெளிவாக இருக்காது. ஆகவே "கோடாவுக்கு" என்ற இடத்தில் பென்சிலால் "3ஆம் சரணத்துக்குப் பிறகு மட்டும்" என்று எழுதிவிடுங்கள்.

தாளின் தலைப்புக்குப் பக்கத்தில் முழு வழியையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள்: மு, ப, ச1, ப, ச2, ப, ச3, ப, கோடா. இடையில் தவறிப்போனாலும் அடுத்த பல்லவியில் சேர்ந்துகொள்ள இந்த ஒரு வரி போதும். சேன்யோவைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுங்கள், கோடாவின் இரண்டு குறிகளையும், தாவுகிற இடத்தில் உள்ளதையும் போய்ச் சேருகிற இடத்தில் உள்ளதையும், நீலத்தால். பென்சில்தான், பேனை வேண்டாம். அடுத்த முறை ஒரு சரணத்தைக் குறைக்கச் சொல்வார்கள். கணினி வசதி இருந்தால் மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் இந்த 17 பாரை எழுதி ஓடவிடுங்கள். அது குறிகளைப் பின்பற்றி வாசித்துக் காட்டும், உங்கள் நடை சரியா என்று காதாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு தாவுகிற இடங்களை மட்டும் தனியாகப் பழகுங்கள். பாட்டை முழுவதும் பத்துத் தரம் வாசிப்பதைவிட, 19, 20, 5, 6 என்ற நான்கு பாரைப் பத்துத் தரம் வாசிப்பது பிரயோசனம். அடுத்து 11, 12, கோடா. கை அந்தத் தூரத்தைப் பழகிவிட்டால் கண் முன்கூட்டியே போய் நிற்கும். தாள் இரண்டு பக்கமாக இருந்தால் மட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். டி.எஸ். வருகிற இடத்தில் பக்கம் புரட்ட ஒரு கை மிஞ்சாது.

சேர்ந்து வாசிக்கும் நாளில், கோடாவுக்குத் தாவ ஒரு பார் முன்னமே ட்ரம் வாசிக்கிற பிள்ளையைப் பார்த்துத் தலையசைத்து விடுங்கள். அவருடைய தாளில் வரிசையாகச் சதவீதக் குறிகள்தான் இருக்கும். எண்ணிக்கை ஒன்று தவறினால், எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பிடிக்க அவருக்கு உங்கள் முகத்தைத் தவிர வேறு அடையாளம் இல்லை.